மணம் ஏறாத வேர்

பிடுங்கிய வேரைச் சேலைத் தலைப்பில் துடைத்து, நகத்தால் தோலைக் கீறி, பஹ்மியா மூக்கருகே கொண்டுபோனாள். ஈரச் சாக்கு மணந்தது. இன்னும் கொஞ்சம் கீறினாள். கிணற்றடி மணந்தது. நன்னாரி மட்டும் மணக்கவில்லை.

கிண்ணியாவில் அவர்கள் வீட்டின் பின்வளவு முழுக்க வெண்மணல். கழிந்த மாரியில் அவள் தன் கையாலேயே பாத்தி கட்டி, ஆட்டுப்புழுக்கை தாட்டு, நன்னாரி வைத்திருந்தாள். காலையிலும் மாலையிலும் கிணற்றுத் தண்ணீர். படருவதற்கு முருங்கைத் தடிகள். கொடிகள் அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தன. இலைகள் அகலமாய், கரும்பச்சையாய், எண்ணெய் பூசியது போல மின்னின. பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து வெற்றிலையா என்று கேட்டார்கள். இலையைக் கிள்ளினால் பால் வடிந்தது. வேரும் குறைச்சலில்லை, சுண்டுவிரல் தடிப்பு. மணம்தான் ஏறவில்லை.

வேரை எடுத்துக்கொண்டு முன் விறாந்தைக்குப் போனாள். அவள் கணவன் அபூதாஹிர் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஊன்றுதடி சுவரில் சாய்ந்து நின்றது.

"மச்சான், இத ஒருக்காப் பாருங்க."

அவன் வாங்கி மணந்தான். பிறகு ஒரு துண்டைக் கடித்து மென்று, முற்றத்தில் துப்பினான். அவன் முகம் மெல்லக் கோணிச் சிரிப்பாகியது. கால் உடைந்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவள் அவனிடம் பார்த்ததில்லை.

"இது நன்னாரி இல்ல, புள்ள. நன்னாரிட சாச்சாட மகன்."

"பகிடியை விடுங்க. நீங்க கொண்டந்த வேர்த் துண்டைத்தானே நட்டனான். அதே கொடிதானே."

"கொடி அதுதான். நீ ஆட்டுப்புழுக்கை போட்டு, தண்ணி ஊத்தி, பேரப்பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்து வெச்சிருக்கிற. அது காட்டுச் சாமான்."

"காட்டில என்ன கிடக்கு, இஞ்ச இல்லாதது?"

"காடு கிடக்கு."

"அது ஒரு பதிலா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டு மறுபக்கம் பார்த்தான். காடு என்ற சொல் வந்தால் அவன் கதை அதோடு நின்றுவிடும்.

பஹ்மியாவுக்கு எதையும் அப்படியே விட்டுவிடத் தெரியாது. சின்ன வயதில், பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக வாப்பாவின் றேடியோவைக் கழற்றி வைத்துவிட்டு அடி வாங்கியவள். அந்தக் குணம்தான் அவளைத் தேத்தண்ணிக்காரியும் ஆக்கியது. அபூதாஹிர் இருபது வருசத்துக்கு மேலாகத் தம்பலகாமத்துப் பக்கத்துக் காடுகளில் வேர் கிண்டி, நகரத்து மருந்துக் கடைகளுக்கும் அங்கேயே ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு நாட்டு வைத்தியருக்கும் கொடுத்து வந்தான். வீட்டில் மிஞ்சிய துண்டுகளை அவள் ஒருமுறை அவித்துப் பார்த்தாள். பிறகு அவிப்பதற்கு முன் சட்டியில் இலேசாக வறுத்துப் பார்த்தாள். பிறகு சக்கரையை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் கிண்ணியாப் பாலத்தடியில் காலையில் ஒரு மேசை போட்டு நன்னாரித் தேத்தண்ணி விற்கத் தொடங்கினாள். வலையிழுத்துவிட்டு வருகிறவர்களும் பாலத்தால் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் அவளுடைய பானையின் வாசத்துக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள். சிறுநீர்க் கடுப்புக்கு நல்லது, வெக்கைக்கு நல்லது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக் குடிப்பார்கள். பஹ்மியா எதையும் சொல்லி விற்பதில்லை. மூடியைத் திறப்பாள், அவ்வளவுதான்.

ஆனை வந்த நாளோடு காட்டு வேர் வருவது நின்றது. தம்பலகாமத்தில் சிவகுருநாதன் என்கிற வயற்காரரின் காணிக்குப் பின்னால் ஒரு பத்தைக்காடு. அதற்குள் வேர் கிண்டப் போன அபூதாஹிரைத் தொடை எலும்பு முறிந்த நிலையில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தித்தான் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அதன் பிறகு அவன் காட்டுப் பக்கம் போகவில்லை.

பிறகு அவள் கடையில் வாங்கிய காய்ந்த வேரில் வேறு ஏதோ கலந்திருந்தது. வழக்கமாகக் குடிக்கிற முனீப் முதல் மிடறிலேயே கோப்பையைக் கீழே வைத்தார்.

"ராத்தா, வேரை மாத்திட்டீங்களோ?"

"ஏன், எப்படிக் கிடக்கு?"

"வேலித்தடி அவிச்ச மாதிரி."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது. அன்றைக்கே, இனித் தானே வளர்ப்பது என்று முடிவு கட்டினாள். வளர்த்ததும் இப்படிப் போயிற்று.

அதன்பின் சில கிழமைகள் பின்வளவு ஒரு பரிசோதனைச் சாலையாகக் கிடந்தது. ஒரு கொடிக்குத் தண்ணீரை நிறுத்தினாள். ஒன்றின் மேல் பழைய சாக்கை விரித்து நிழல் கட்டினாள். கட்டடம் கட்டும் இடத்திலிருந்து ஒரு வாளி செம்மண் வாங்கிவந்து பூச்சாடியில் ஒன்றை வைத்தாள். போகவர ஒவ்வொன்றாகக் கீறி மணந்தாள். மூக்கு நுனியில் எப்போதும் மண். மூதூரில் கட்டிக்கொடுத்த மகள் ஹுஸ்னியா தொலைபேசியில் வாப்பாவின் சுகம் கேட்டால், உம்மா நன்னாரியின் சுகம் சொன்னாள்.

இதற்கிடையில் இன்னொன்றையும் அவள் கவனித்தாள். அபூதாஹிர் பள்ளிக்கு நடந்து போனான். சந்தைக்கு நடந்து போனான். சில நாள் பின்னேரங்களில் பாலத்தின் நடுமட்டும் போய், குடாக்கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். அப்போதெல்லாம் அந்தக் காலுக்கு ஒன்றுமில்லை. யாராவது காட்டைப் பற்றிக் கேட்டால்தான் அது நொண்டத் தொடங்கியது.

வேளாண்மை வெட்டி முடிந்த பங்குனி மாதத்தில் சிவகுருநாதன் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் அபூதாஹிர் கதைப்பான். பஹ்மியா குசினியில் மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"நானா, நாளையிண்டைக்கு பெக்கோ மெசின் வருது. பின்னால கிடக்கிற பத்தை முழுக்க வழிக்கப் போறன். உங்கட வேருகள் ஏதும் கிடந்தா முதலே வந்து எடுத்துக்கொண்டு போங்கோ. பிறகு என்னில குறை சொல்லக்கூடாது."

"வழியுங்க, ஐயா," என்றான் அபூதாஹிர். "எப்பவோ வழிச்சிருக்க வேணும். ஒரு தடி மிச்சம் வைக்காதீங்க."

பஹ்மியா கையைக் கழுவாமலே வந்து நின்றாள்.

"நாளைக்கு நாங்க வாறம் எண்டு சொல்லுங்க."

"என்ட கால்..."

"பஸ்ஸில போய் இறங்கினா ஐயா வந்து ஏத்துவார்தானே. நான் அந்தக் கொடி நிக்கிற இடத்தை ஒருக்காக் கண்ணால பார்க்க வேணும். வழிச்ச பிறகு எதைப் பார்க்கிறது?"

சிவகுருநாதன் மறுமுனையிலிருந்து சொன்னார்: "தங்கச்சி சொல்லுறது சரி. வாங்கோ. என்ர மனிசி பூரணி சமைப்பா."

மறுநாள் காலை தம்பலகாமச் சந்தியில் இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. சிவகுருநாதன் லான்ட்மாஸ்டரோடு காத்து நின்றார். மெலிந்த, நெடிய மனிதர். தலையில் துவாய். பெட்டியில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார். வெட்டிய வயல்களுக்கு நடுவால் வண்டி குலுங்கிப் போனது. வைக்கோல் கும்பிகளில் கொக்குகள் இருந்தன. குளத்துக் காற்றில் சேறும் தாமரையும் கலந்து வந்தது. பஹ்மியா எல்லாவற்றையும் மூக்கால் பார்த்துக்கொண்டு வந்தாள். அபூதாஹிர் தன் ஊன்றுதடியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"போன போகம் கதிர் முத்தேக்க ஆனையள் வந்தவை," சிவகுருநாதன் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினார். "உந்தப் பத்தைக்குள்ளதான் பகல் முழுக்க நிக்கிறது. இருட்டினாப் பிறகு வயலுக்குள்ள இறங்குறது. எத்தினை வெடிதான் போடுறது? வழிச்சு வெளியாக்கினா வாறது தெரியுமெண்டாலும் இருக்கும்."

"இப்ப நிக்குதா?" பஹ்மியா கேட்டாள்.

"விடியவே வெடி போட்டுச் சுத்திப் பார்த்தனான். ஒண்டுமில்லை. பயப்பிடாமல் போகலாம்."

வயல் முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். வரம்புக்கு அப்பால் சூரையும் காரையும் அடர்ந்த பத்தை. அதற்குப் பின்னால் வீரையும் பாலையுமாக மரங்கள் உயர்ந்து நின்றன. அதன் தொங்கல் முனையில் பெருங்காடு தொடங்கியது. வேர் கிண்டுகிற இரும்பு அலவாங்கையும் தண்ணீர்ப் போத்தலையும் இறக்கி வைத்துவிட்டு, வாய்க்காலில் ஒரு வேலை கிடக்கிறது என்று சிவகுருநாதன் திரும்பிப் போனார்.

அபூதாஹிர் வரம்புமட்டும் நடந்தான். வரம்பில் ஏறினான். அங்கேயே நின்றான்.

"வாங்க," என்றாள் அவள்.

"கால் நோகுது. கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

அவன் வரம்பில் குந்தினான். தடியின் நுனி காய்ந்த மண்ணில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் அடிக்கவில்லை. கை நடுங்கியதில் அது தானாக அடித்தது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியும் அவன் துடைக்கவில்லை. பஹ்மியா அந்தத் தடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் நொண்டியது கால் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் பிடிபட்டது.

அலவாங்கை எடுத்துத் தோளில் வைத்தாள்.

"நீங்க இஞ்ச இருந்து வழி சொல்லுங்க. நான் போறன்."

"தனியவா?"

"கூப்பிடு தூரம்தானே. நீங்க கூப்பிடுங்க, நான் குரல் குடுக்கிறன்."

அவன் வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சூரைப் பத்தையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முள் சேலையை இழுத்தது. வெளியே கொதித்த வெயில் உள்ளே பத்தடி போனதும் அவிந்துவிட்டது.

"புள்ள?"

"ஓம். இஞ்ச நிக்கிறன்."

"முன்னுக்கு ரெட்டைப் பாலை தெரியுதா? ஒரே அடியில ரெண்டா நிக்கும்."

"தெரியுது."

"அதில இருந்து சோத்துக்கைப் பக்கம் போ. ஒரு கல்லுத்திட்டி வரும். கல்லில மிதிக்காத, கீழ பாம்பு கிடக்கும். சுத்திப் போ."

"சுத்திப் போறன். இஞ்ச ஒரு பழம் விழுந்து கிடக்கு, மஞ்சளா. என்னது?"

"பாலைப்பழம். பழத்தை விட்டிட்டு நட."

அவள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டுதான் நடந்தாள். பால் உதட்டில் ஒட்டியது.

"கல்லுத்திட்டிக்கு வந்திட்டன்."

"அதுக்கு அங்கால மூண்டு வீரை. நடு வீரைட அடியில பாரு. மேல பார்க்காத, கீழ பாரு."

நடு வீரையின் அடியில் அவளுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த சருகு, கறையான் புற்று, சரளைக்கல். குந்தி உட்கார்ந்து, கண் பழகிய பிறகுதான் கண்டாள். ஒரு கறுத்த நூல், செத்துப்போன காரைக் குச்சியைச் சுற்றி ஏறியிருந்தது. இலைகள் அவளுடைய கொடியில் இருந்ததில் கால்வாசி அகலம்கூட இல்லை. ஒடுங்கி, நீண்டு, நடு நரம்பில் வெள்ளை வரி ஓடியவை. எண்ணிப் பார்த்தால் கையளவு இலைதான் தேறும். இதுவா என்று இருந்தது அவளுக்கு. இந்த வற்றலையா இவர் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தார்?

"கண்டிட்டன்," என்று கத்தினாள். "ஆனா இது சாகப்போற மாதிரி நிக்குது."

வரம்பிலிருந்து வந்த குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் இருந்தது. "அது அப்படித்தான் நிக்கும். சாகாது. கிண்டிப் பாரு. இழுக்காத, அறும். வேர் போற பக்கம் மண்ணை மட்டும் நீக்கு."

அலவாங்கு மண்ணில் இறங்க மறுத்தது. குத்திக் குத்தி, கையால் கிள்ளி, கல் கல்லாக எடுத்தாள். வேர் நேரே கீழே போகாமல் ஒரு கல்லைச் சுற்றிப் போனது. பிறகு வீரை வேருக்கு அடியால் நுழைந்தது. பிறகு திரும்பவும் மேலே வந்தது. அவள் அதன் பின்னால் முழங்காலில் நகர்ந்தாள். ஓரிடத்தில் நகம் பட்டுத் தோல் உரிந்தது.

மணம் எழுந்து வந்தது. பாலத்தடிப் பானையில் கொதித்து வருகிற மணம் இல்லை இது. அதைவிடக் கூர்மை. இனிப்பும் மண்ணும் சுட்ட பாலும் சேர்ந்த ஏதோ ஒன்று. அவள் குனிந்து, வேரை விட்டுவிட்டு, வேர் கிடந்த குழியின் மண்ணை அள்ளி மணந்தாள். மண்ணிலும் இருந்தது. ஒரு சாண் தள்ளி அள்ளினாள். அங்கே இல்லை. அப்படியானால் மண்ணிலிருந்து வேருக்கு ஏறவில்லை, வேரிலிருந்துதான் மண்ணுக்கு இறங்கியிருக்கிறது. எத்தனை வருசம் கிடந்தால் இப்படி இறங்கும்? புற்று மண்ணோடு சேர்ந்தால்தான் ஏறுமா? வீரை நிழலுக்கும் பாலை நிழலுக்கும் வித்தியாசம் இருக்குமா? பக்கத்தில் இன்னொரு கொடி, அதைக் கீறினாள். அதன் வேர் இளசு. அதில் மணம் பாதிதான். இன்னும் தள்ளி ஒன்று, வெயில் விழுகிற இடத்தில். அவள் மரத்துக்கு மரம் நகர்ந்தாள். யாரோ எங்கோ கூப்பிடுவது போலக் கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பின்னால் சருகு நொறுங்கியது. ஒரு கால் ஊன்றி, ஒரு தடி ஊன்றி, ஒரு கால் இழுபட்டு வருகிற சத்தம். அவள் திரும்பினாள்.

அபூதாஹிர் நடு வீரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முள் கிழித்து முகத்தில் இரத்தம். உதடு வெளுத்திருந்தது.

"எத்தனை தரம் கூப்பிட்டன்," என்றான். மூச்சு வாங்கியது. "வாய் இல்லையா உனக்கு? என்ன நினைக்கிறது மனிசன்?"

"மறந்துபோனன், மச்சான். அல்லாஹ்வுக்காக, வேணுமெண்டு இல்ல. மணந்துகொண்டு இருந்திட்டன்."

அவன் திட்ட வாயெடுத்தான். மரத்தில் முதுகை உரசியபடியே கீழே சரிந்து உட்கார்ந்தான். சுற்றிப் பார்த்தான். எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது போல உடம்பு உதறத் தொடங்கியது. அவள் பக்கத்தில் போயிருந்து தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்தாள். அவனால் மூடியைத் திருக முடியவில்லை. அவளே திறந்து கொடுத்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் சொன்னான். "அந்தா, அந்தக் கல்லுக்கு அங்கால."

"என்ன?"

"அதிலதான் விழுந்தனான். முள்ளம்பன்றி வளைக்குள்ள கால் போட்டு. ஆனை அடிச்சது எண்டு ஊர் சொல்லுது. அது என்னை அடிக்கல்ல, புள்ள. சத்தம் கேட்டு ஓடினன், கால் வளைக்குள்ள போச்சு, எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. அப்படியே கிடந்தன். அது வந்து நிண்டுது."

பஹ்மியா போத்தல் மூடியைத் திருகி மூடினாள்.

"தும்பிக்கை வந்து முகத்தில பட்டுது. பிறகு கழுத்தில. பிறகு வேர் போட்ட உமல் பையில. திரும்பவும் முகத்துக்கு வந்துது. காதுக்குள்ள புஸ்ஸெண்டு மூச்சு. நான் கலிமா சொல்லிக்கொண்டு கிடந்தன். அது மோந்து பார்த்திட்டுத் திரும்பிப் போயிட்டுது. அவ்வளவுதான் நடந்தது. அடிச்சிருந்தாக்கூட எனக்கு விளங்கியிருக்கும். ஏன் போச்சுது எண்டு விளங்கல்ல. கண்ணை மூடினா அந்த மூச்சு வருது."

அவள் ஆறுதல் ஏதும் சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கேட்டது வேறு.

"அந்த மூச்சு என்ன மணம்?"

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"இதையா கேக்கிற?"

"ஓம். மணம் இருந்திருக்கும்தானே."

அவன் யோசித்தான். உதறல் மெல்ல மெல்லக் குறைவதை அவள் தோளில் உணர்ந்தாள். "புல்லு," என்றான். "நசிஞ்ச பச்சைப் புல்லு. பிறகு... புளிச்ச மோர் மாதிரி ஒண்டு. சூடு. எங்கட மாட்டுக் கொட்டில்ல கண்டு போட்ட அண்டைக்கு மணந்துதே, அப்படி."

"அப்ப அது கூடாத மணம் இல்ல."

"இல்ல," என்றான் அவன் ஆச்சரியத்தோடு. "கூடாத மணம் இல்ல."

"அது உங்களை மோந்து பார்த்து என்ன நினைச்சிருக்கும்?"

"நான் என்ன கண்டன். நன்னாரி மூட்டை ஒண்டு கீழ விழுந்து கிடக்கு எண்டு நினைச்சிருக்கும்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவன் சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அலவாங்கை அவள் கையிலிருந்து வாங்கி, உட்கார்ந்தபடியே, அவள் பாதியில் விட்ட வேரைத் தொடர்ந்து கிண்டினான். தாய்வேரை விட்டுவிட்டுப் பக்கவேரை மட்டும் அறுத்தான். தாய்வேரை மண்ணால் மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்தான்.

பகல் சாப்பாட்டுக்கு சிவகுருநாதன் வீட்டுக்குப் போனார்கள். பூரணி முற்றத்து மாமர நிழலில் பாய் விரித்திருந்தாள். புது அரிசிச் சோறு, குளத்து விரால் குழம்பு, பூசணிக்காய், கடைசியில் எருமைத் தயிர். நல்ல பருத்த, அமைதியான பெண் அவள். பஹ்மியா கொண்டுவந்த வேரில் ஒரு துண்டை வாங்கி மணந்துவிட்டு, "இது எங்கட காணிக்குள்ளயா கிடக்கு?" என்று கேட்டாள்.

"உங்கட காணிக்குள்ளதான், அக்கா."

"நாங்கள் கலியாணம் கட்டி இஞ்ச வந்து எத்தினை காலம். ஒரு நாளும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. ஆனை நிக்கிற இடமெண்டு மட்டும்தான் தெரியும்."

பஹ்மியா சோற்றைப் பிசைந்துகொண்டே மெல்ல எடுத்தாள். "ஐயா, அந்த வீரை நிக்கிற பக்கத்தை வழிக்காம விட ஏலாதா?"

சிவகுருநாதன் தலையாட்டினார். "ஏலாது, தங்கச்சி. உங்களுக்கு வேர் வேணும், எனக்கு விளங்குது. எனக்கு நெல்லு வேணும். ரெண்டு போகம் போச்சுது. பத்தை கிடக்குமட்டும் அதுகள் நிக்கும்."

"வழிச்சா எங்க போகும்?"

"காட்டுக்கு."

"காட்டில இருந்து வயலுக்கு வராதா?"

"வரும். வாறது தெரியும். இப்ப வந்து வாசலில நிண்டாலும் தெரியுதில்லை." அவர் குரல் உயரவில்லை. ஆனால் சோற்றில் கை நின்றுவிட்டது. "நானாவைக் கேளுங்கோ. அவர்தான் ஒரு தடியும் வைக்காதீங்கோ எண்டு சொன்னவர். பட்டவருக்குத்தானே தெரியும்."

எல்லாரும் அபூதாஹிரைப் பார்த்தார்கள். அவன் மீன் முள்ளை இலையின் ஓரத்தில் ஒதுக்கினான்.

"சொன்னனான்தான்," என்றான். "பயத்தில சொன்னனான், ஐயா. இண்டைக்கு உள்ள போயிட்டு வந்தனான். வயல் பக்கத்துச் சூரைப் பத்தை இருக்கே, அதை வழியுங்க. அதுதான் மறைப்பு. அதுக்குள்ள நன்னாரியும் இல்ல, ஒண்டும் இல்ல. கல்லுத்திட்டிக்கு அங்கால வீரையும் பாலையும் நிக்கிற துண்டை விடுங்க. அடியில வெளிச்சம் இருக்கு, ஆனை நிண்டா வரம்பில இருந்தே கால் தெரியும். அதில நாங்க நன்னாரி வைக்கிறம். நான் வந்து பார்த்துக்கொள்ளுறன். நான் வந்தா ஒரு ஆள் காவல் மாதிரியும்தானே."

"நீங்களா?" சிவகுருநாதன் நம்பாமல் அவன் காலைப் பார்த்தார்.

"ஓம். நான்தான்."

சிவகுருநாதன் சோற்றைத் திரும்பப் பிசைந்தார். பூரணி அவருக்குத் தயிர் ஊற்றினாள். "கரையை மட்டும் வழிச்சுப் பார்ப்பமே," என்றாள். "சரிவராட்டிப் பிறகும் பெக்கோ வரும்தானே."

மறுநாள் பெக்கோ சூரைப் பத்தையை வழித்தது. கல்லுத்திட்டிவரை வந்து நின்றது.

மாரி தொடங்கியதும் அவர்கள் போய் நட்டார்கள். பாத்தி இல்லை, பசளை இல்லை. மரத்தடிகளில் சருகை விலக்கி, முளைக்கண் உள்ள வேர்த்துண்டுகளை ஈர மண்ணில் செருகி, மேலே சருகையே மூடினார்கள். பஹ்மியா ஒவ்வொரு மரத்தின் கீழும் வெவ்வேறு விதமாக வைத்தாள். புற்று மண்ணோடு சில, கல்லிடுக்கில் சில, வெயில்படுகிற விளிம்பில் சில. காட்டுப்பன்றி வந்து ஒரு பக்கத்தை உழுதுவிட்டது. இன்னொரு பக்கம் வெள்ளம் நின்று அழுகியது. தை மாதம் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் காணவில்லை. மிச்சம் நூல் நூலாகக் காரைக் குச்சிகளில் ஏறிக்கொண்டிருந்தது. ஆனைகள் அந்தப் போகமும் ஒரு தரம் வந்தன. சிவகுருநாதன் வரம்பிலிருந்தே கால்களைக் கண்டு வெடி போட்டார். ஒரு மூலை வயல் போனது, மற்றது தப்பியது. அவர் பெக்கோவைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. அபூதாஹிர் கிழமைக்கு ஒரு தரம் பஸ்ஸில் போய்வந்தான். முதலில் கல்லுத்திட்டியோடு திரும்பினான். பிறகு நடு வீரைவரை போனான். அதற்கு அப்பால், பெருங்காட்டின் பக்கம், அவன் ஒரு நாளும் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.

பாலத்தடி மேசை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறந்தது. பழைய கொடிகளின் பக்கவேர் அந்த அளவுக்குத்தான் காணும். முனீப் வெள்ளிக்கு வெள்ளி முதல் ஆளாக வந்து நின்றார்.

அதற்கடுத்த வருசம், மாரி ஓய்ந்து வெயில் திரும்பிய ஒரு நாள், இருவரும் கொடிகளைப் பார்க்கப் போனார்கள். புற்று மண்ணில் வைத்ததைப் பஹ்மியா கீறி மணந்தாள். இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. கல்லிடுக்கில் வைத்ததில் அதைவிடக் கூட. பின்வளவில் தண்ணீர் நிறுத்திய கொடியிலும் இப்போது ஒரு சாடை மணம் ஏறியிருந்தது. அப்படியானால் காரணம் கல்லா, தண்ணீர் இல்லாத காய்ச்சலா, வயசா என்று அவள் கேட்க, வயசுதான் என்றான் அவன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படித் தர்க்கித்துக்கொண்டிருக்கும்போது அவன் தலைக்கு மேலே ஏதோ வெடித்தது போல மெல்லிய சத்தம். நிமிர்ந்தான். கிண்டாமல் விட்ட ஒரு பழைய கொடி வீரையில் உயர ஏறியிருந்தது. அதன் நுனியில் இரண்டு மெல்லிய காய்கள், எதிரும் புதிருமாக, கொம்பு போல நின்றன. ஒன்று நெடுகப் பிளந்திருந்தது. உள்ளே வெள்ளைப் பட்டு. காற்று அசைந்ததும் ஒரு விதை, பின்னால் பட்டுக் குஞ்சத்தை விரித்துக்கொண்டு, வெளியே வந்து மிதந்தது.

"இது என்னது?" என்றான் அபூதாஹிர்.

"விதை, மச்சான். பார்த்ததில்லையா?"

"இல்ல." அவன் வாயைத் திறந்தபடி நின்றான். "இத்தனை வருசம் கீழதானே பார்த்தனான். கொடிக்கு மேல என்ன நடக்குது எண்டு நான் ஒரு நாளும் பார்க்கல்ல."

விதை அவன் முகத்துக்கு நேரே இறங்கி, பிடிக்கப் போன கைக்குத் தப்பி, மறுபடி ஏறியது. இரண்டாவது ஒன்றும் புறப்பட்டது. முதலாவது பாலைக்கு நடுவால் போய், வெயில் விழுந்த இடத்தில் வெள்ளியாக மின்னி, மேலும் தூரம் போனது.

"எங்க போய் விழுகுது எண்டு பார்ப்பம்," என்று சொல்லிக்கொண்டே அவன் நடந்தான்.

அண்ணாந்தபடி நடந்தான். தடி சருகில் ஊன்றி ஊன்றிப் போனது. நடு வீரையைத் தாண்டினான். கடைசிப் பாலையைத் தாண்டினான். மரங்கள் நெருங்கி இருண்டு, பெருங்காடு தொடங்குகிற இடத்திலும் அவன் நிற்கவில்லை.

"புள்ள, கெதியா வா, இன்னும் விழல்ல," என்று உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"வாறன்," என்றாள் பஹ்மியா. எங்கே நிற்கிறான் என்பதை அவனுக்கு நினைவூட்டாமல், மற்ற விதையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.